கறுப்பு லீவர், சிவப்பு லீவர்

பதினோரு மாதமாக அந்த வீட்டின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது ஒரு சாவி மட்டும்தான்.

வீடு ஒன்றுதான். நடுவில் சுவர் வைத்து அண்ணனுக்கு ஒரு பாதி, தம்பிக்கு ஒரு பாதி என்று பிரித்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. சுவரில் ஒரு கதவும் வைத்தார்கள். அந்தக் கதவை மூடி யாரும் பார்த்ததில்லை. இப்போது திறந்து யாரும் பார்ப்பதில்லை. பின்பக்கத்துத் தகரக் கொட்டகை மட்டும் பொது. அதில் பழைய டிராக்டர் நிற்கும், கொட்டகைக் கம்பத்தில் ஓர் ஆணி, ஆணியில் சாவி. நான்கு நாள் அண்ணன் முறை, நான்கு நாள் தம்பி முறை. முறை முடிந்தவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை மாட்டிவிட்டு, பின்னால் நாய் துரத்துகிற மாதிரி விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார். மற்றவர் அரைமணி நேரம் கழித்து, ஏதோ காற்று வாங்க வந்தவர்போல வந்து அதை எடுத்துக்கொள்வார். ஒருவருக்கு ஐம்பது நெருங்குகிறது, இன்னொருவனுக்கு முப்பத்திரண்டு. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அண்ணிக்கு மட்டும் வரவில்லை.

அண்ணி என்பது அவள் பெயரல்ல, மூத்தவரின் மனைவி. அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது கொழுந்தனுக்கு ஒன்பது வயது. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவன் “அண்ணி, அண்ணி” என்று போட்ட கூச்சலில் தெருவே அவளை அப்படிக் கூப்பிடப் பழகிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த மில்காரருக்கும் அவள் அண்ணிதான். முன்னறை ஜன்னலோரம் தையல் இயந்திரம் போட்டு, தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைக்கிறவள். கொழுந்தனின் பள்ளிக்கூடச் சட்டையும் அவள் தைத்ததுதான், கல்யாணச் சட்டையும் அவள் தைத்ததுதான். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அது ஒரு குறையாகத் தெரியாதபடி வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

சண்டை தொடங்கிய மறுமாதம் கொழுந்தனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அழுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறாளே தவிர, அண்ணி அந்தக் குழந்தையைத் தூக்கியதில்லை. பின்பக்கத்துக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்து, “ம்ம், இப்போ இவ்வளவு வளர்ந்திருப்பா” என்று குத்துமதிப்பாக ஓர் அளவு வைத்துக் கவுன் தைப்பாள். தைத்து மடித்துப் பெட்டியில் வைப்பாள். ஏழு கவுன்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றைக்கூட அந்தக் குழந்தை போட்டுப் பார்க்கவில்லை.

இந்த நிலைமையில்தான் கணவர் ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

“வண்டிய மில்காரருக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். சின்னவனும் சரின்னு ஆள்விட்டுச் சொல்லிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறாராம்.”

“வித்துட்டு?”

“வித்துட்டு என்ன? நிம்மதி.”

அண்ணி நினைத்தது சாவியைத்தான். வண்டி போய்விட்டால் ஆணியில் மாட்டச் சாவி இருக்காது. அந்தச் சாவிக்காகத்தான் இரண்டு பேரும் கொட்டகைப் பக்கம் வருகிறார்கள், சாவி இருக்கிறதா என்று ஒருவர் மற்றவர் வீட்டுப் பக்கம் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் பிறகு என்ன? சுவர் சுவராகிவிடும். அந்தக் குழந்தை இவளை யாரோ பக்கத்து வீட்டுத் தையல்காரி என்று நினைத்துக்கொண்டு வளரும்.

சண்டையின் மூலகாரணம் அந்த டிராக்டரின் பின்பக்கத்து லிஃப்ட். கலப்பையோ விதைப்பெட்டியோ, எதை மாட்டினாலும் அதைத் தூக்கி இறக்கும் இரண்டு இரும்புக் கைகள். அவற்றுக்கு உத்தரவு போட இருக்கைக்கு வலப்பக்கம் இரண்டு லீவர்கள், ஒன்றுக்குக் கறுப்புக் குமிழ், இன்னொன்றுக்குச் சிவப்புக் குமிழ். ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு லீவர் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மாமனார் இருந்தவரை கேட்கத் தேவையும் இருந்ததில்லை. அவர் மூத்த மகனை உழவுக்கு மட்டும் வைத்துக்கொண்டார், இளையவனை விதைப்புக்கும் நிலம் சமன்செய்வதற்கும் வைத்துக்கொண்டார். மூத்தவரிடம், “உனக்குக் கறுப்பு. மத்ததத் தொடாதே” என்றார். இளையவனிடம், “உனக்குச் சிவப்பு. மத்ததத் தொடாதே” என்றார். கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காது. இரண்டு பிள்ளைகளும் தொடவில்லை. தினமும் காலையில் வண்டி கிளம்புமுன் மாமனார் ஏறி அதை இதைத் தட்டிச் சரிபார்த்துவிட்டு இறங்குவார். என்ன செய்தார் என்று அவருக்குத்தான் தெரியும். ஒருநாள் அவர் எழுந்திருக்கவில்லை. தெரிந்ததையும் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

அவர் போனபின் வந்த முதல் பருவத்திலேயே வினை தொடங்கியது. மில்காரருடைய நிலத்தில் கொழுந்தன் கூலிக்கு விதை போட்டான். முளைத்து வந்தபோது பார்த்தால் அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம், நடுநடுவே பாய் அகலத்துக்கு வெறும் மண். மண் இறுகிய இடத்திலெல்லாம் விதைப்பெட்டி தானாக மேலே எழும்பிப் போயிருக்கிறது. நிலம் தெருவோரம் வேறு. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். சீப்பு உடைகிற அளவுக்குத் தலைமுடி உள்ள கொழுந்தனுக்கு அன்றிலிருந்து ‘வழுக்கை’ என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர் மில்காரர்தான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், கூடப்பிறந்த அண்ணனே, “வண்டியில ஒண்ணும் இல்லீங்க. அவன் கை அப்படி” என்று சொல்லிவிட்டார். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான்.

பதினைந்து நாள் கழித்து அவர் உழப் போனார். கலப்பை மண்ணில் இறங்கவே மாட்டேன் என்றது. கறுப்பு லீவரை எவ்வளவு இறக்கினாலும் மேல்மண்ணைப் பிராண்டிக்கொண்டு வந்தது. கலப்பைமேல் ஒரு பாறாங்கல்லைத் தூக்கிவைத்துக் கட்டிப் பார்த்தார். கல் நாலு சுற்றுச் சவாரி போய்வந்ததுதான் மிச்சம். எரிச்சலோடு திரும்பிப் பார்த்தபோது சிவப்பு லீவர் கண்ணில் பட்டது. நடுவாக்கில் நிறுத்தி, நகராமல் கம்பிபோட்டு முறுக்கிக் கட்டியிருந்தது. நேரே வந்து நடுக்கதவருகில் நின்று கத்தினார். “உன் கை பட்டது எது உருப்பட்டிருக்கு? வண்டியையும் கெடுத்து வெச்சிருக்கியே!” அந்தப் பக்கத்திலிருந்து, “யார் கெடுத்தது? நீ கெடுத்துட்டு என்னச் சொல்றியா?” என்று பதில் வந்தது. பிறகு கதவு படாரென்று அடைபட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் அண்ணிக்கு அடுப்படிவரை கேட்டது.

நடுவில் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிவந்து பார்த்தாயிற்று. அவர் கொட்டகையிலேயே நிறுத்திவைத்துக் கம்பி கட்டாத கறுப்பு லீவரைத் தூக்கினார், கை எழுந்தது. இறக்கினார், இறங்கியது. “பம்பு கல்லு மாதிரி இருக்கு. வண்டியில குத்தமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியில் குற்றமில்லை என்றால் ஆளில்தான் குற்றம் என்று இரண்டு வீட்டிலும் முடிவுகட்டிவிட்டார்கள். ஆள் மட்டும் வேறு வேறு.

இந்த விஷயத்தில் அண்ணியும் ஒன்றும் நடுநிலை நாயகி அல்ல. கொழுந்தன்மேல் உயிர் என்றாலும், கணவர் தினமும் மண்ணைப் பிராண்டிவிட்டுத் தொங்கிய முகத்தோடு வருவதைப் பார்க்கிறவள் அவள்தான். சின்னவன் தன் முறையில் லீவரில் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறான் என்றுதான் அவளும் நம்பினாள். அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அவனை நேரில் நிறுத்திக் கேட்கலாம், நாலு திட்டுத் திட்டலாம். திட்டுவதற்காவது பேச வேண்டுமே! விற்பதற்கு முன் அதையாவது செய்துவிடுவது என்று முடிவுசெய்தாள்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். துணியில் வெட்டுமுன் அடையாளம் போடுகிற தட்டையான சாக்பீஸை எடுத்துக்கொண்டு, கணவர் முறை முடிந்த திங்கட்கிழமை மாலை கொட்டகைக்குப் போனாள். லீவர்கள் நகரும் வளைந்த தகட்டில், கறுப்பு நிற்கிற இடத்தில் ஒரு கோடு போட்டாள், சிவப்பு நிற்கிற இடத்தில் ஒரு கோடு போட்டாள். நூல் பருமனுக்கு மெல்லிய கோடு. தையல்காரி போட்ட கோட்டை ஏமாற்றிவிட முடியாது. கறுப்பு, கணவர் வழக்கமாக வைக்கிற நடு உயரத்தில் மரை இறுக்கி நின்றது. சிவப்பு அதே பழைய கம்பிக்கட்டில் நின்றது.

நான்கு நாள் கொழுந்தன் ஓட்டினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவி ஆணிக்கு வந்ததும் அவள் கொட்டகைக்கு ஓடினாள். டிராக்டரின் படியில் கால் வைத்து ஏறிக் குனிந்து பார்த்தாள்.

கறுப்பு அவள் போட்ட கோட்டின்மேல் நின்றது. சிவப்பும் கோட்டின்மேல்தான் நின்றது. நூலிழை பிசகவில்லை.

அண்ணிக்கு ஏமாற்றமாக இருந்தது. கறுப்பை அவன் தொடவே இல்லை. சிவப்பை இவர் தொடுவதில்லை, அந்தக் கம்பி பதினோரு மாதத் துருவோடு அப்படியே இருக்கிறது. யாரும் யாருடையதையும் தொடவில்லை என்றால் யார்தான் கெடுத்தது? “பேய் வந்து நகத்துதாக்கும்” என்று முணுமுணுத்துக்கொண்டு, கையிலிருந்த சாக்பீஸைப் பக்கத்து மட்கார்டின்மேல் எரிச்சலோடு தேய்த்தாள்.

தேய்த்த இடத்தில் ஒரு கோடு வந்தது. அவள் போடாத கோடு.

இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். வளைந்து வளைந்து போகும் ஒரு வரி வந்தது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு, மட்கார்டோடு மட்கார்டாக நீல பெயிண்டுக்குள் முங்கிக் கிடந்தது. அப்பா போன துக்கத்தில், அப்பாவின் வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று கணவர் தன் கையாலேயே இரண்டு நாள் உட்கார்ந்து பெயிண்ட் அடித்தார். குமிழ்களை மட்டும் விட்டுவிட்டார். தகட்டை விடவில்லை, இரண்டு கோட்டிங் கொடுத்திருந்தார். பாசத்தில் செய்கிற காரியத்துக்குத்தான் மனிதர்கள் கணக்கில்லாமல் பெயிண்ட் செலவழிக்கிறார்கள்.

பெயிண்ட் மூடினாலும் தகட்டில் புடைத்திருந்த படத்தைச் சமன் செய்துவிட முடியவில்லை. அண்ணி சாக்பீஸைப் படுக்கவைத்து, பூத்தையலின் அச்செடுப்பதுபோல மெதுவாகத் தகடு முழுக்கத் தேய்த்தாள். இரண்டு படங்கள் வெள்ளையாக எழுந்து வந்தன.

மேல் படத்தில் மேடும் பள்ளமுமான மண், அதில் ஒரு கலப்பை. பக்கத்தில் இரண்டு லீவர். வெளிப்பக்கத்து லீவர், அதாவது கறுப்பு, நடுவில் நிற்கிறது. உள்பக்கத்துச் சிவப்பு அடியோடு கீழே படுத்திருக்கிறது. கீழ்ப்படத்தில் ஒரு பெட்டி, ஒரே உயரத்தில் நேர்க்கோடு போட்டதுபோலப் போகிறது. அங்கே சிவப்பு நடுவில் நிற்கிறது. கறுப்பு அடியோடு படுத்திருக்கிறது.

அண்ணிக்கு எழுத்தைவிடப் படம் சீக்கிரம் புரியும். தினமும் அளவுப்படம் பார்த்து வெட்டுகிறவள். கறுப்பு, மண்ணின் இறுக்கத்துக்குத் தக்கபடி தானாகத் தூக்கி இறக்கும் லீவர். சிவப்பு, சொன்ன உயரத்தில் அசையாமல் நிறுத்தும் லீவர். ஒன்று வேலை செய்ய வேண்டுமானால் மற்றது கீழே படுக்க வேண்டும். இரண்டும் நிமிர்ந்து நின்றால் எது மேலே தூக்கச் சொல்கிறதோ அது ஜெயிக்கும். இவர் தூக்கி வைத்த கறுப்பு, இறுகிய மண் வந்த இடத்திலெல்லாம் அவன் விதைப்பெட்டியைத் தூக்கியிருக்கிறது. அவன் கட்டிவைத்த சிவப்பு இவர் கலப்பையைக் கீழே இறங்கவிடாமல் பிடித்திருக்கிறது. மாமனார் காலையில் ஏறித் தட்டியது வேறொன்றுமில்லை. உழவு நாளில் சிவப்பைப் படுக்கவைப்பார், விதைப்பு நாளில் கறுப்பைப் படுக்கவைப்பார். அதை ஒரு வார்த்தை வாய்திறந்து சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்!

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் எதையும் கெடுக்கவில்லை. அப்பா சொன்ன சொல்லைத் தட்டாமல், மற்றவன் லீவரைத் தொடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அதற்காகப் பதினோரு மாதம்.

கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆண்பிள்ளை புத்தி வேலை செய்தது.

“அப்போ நான் சொன்னது சரிதானே? அவன் சிவப்ப எறக்காம விட்டதாலதான் என் கலப்பை எறங்கல.”

“சரிதான். நீங்க என்னைக்காவது கறுப்ப எறக்கி வெச்சுட்டு வந்தீங்களா?”

அவர் தகட்டின் கீழ்ப்படத்தை விரலால் தொட்டார், சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் சனிக்கிழமை காலையில் கலப்பையை மாட்டிக்கொண்டு போனார். அண்ணியும் பின்னாலேயே நடந்து போய் வரப்பில் நின்றாள். அவர் குறட்டால் கம்பிக்கட்டை அறுத்தார். சிவப்பு லீவரை, சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டு, அடிவரை இறக்கினார். கறுப்பை நடுவில் வைத்து வண்டியை எடுத்தார். கலப்பை முழுசாக மண்ணுக்குள் போனது. அடிமண் கறுகறுவென்று புரண்டு வந்தது. நடுவில் இறுகிக் கிடந்த மேட்டில் கலப்பை ஒரு விரற்கடை தானாக எழும்பி, அதைத் தாண்டியதும் மறுபடி இறங்கிக்கொண்டது. எஞ்சின் ஒரு முக்கல்கூட முக்கவில்லை.

ஒரு சால் முடித்ததும் அவர் வண்டியை அணைத்துவிட்டார். இறங்கவில்லை. அண்ணி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“மில்காரர் நெலத்துல வழுக்கை விழுந்ததே, அது நான்தான்” என்றார்.

“ம்.”

“கடையில வெச்சு அப்படிச் சொன்னேன். அவன் அங்கதான் நின்னுட்டிருந்தான். டீய அப்படியே வெச்சுட்டுப் போயிட்டான்.”

அவர் கண் நிறைந்திருந்தது. அப்பாவின் சாவுக்குக்கூட அழாமல் பெயிண்ட் அடித்த மனிதர். அண்ணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை கொடுக்கலாம் போலவும் இருந்தது.

“போய் அவன்கிட்டச் சொல்லுங்க.”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய்ச் சொல்ல? நாளைக்கு வண்டியே போகப் போகுது. விடு.”

ஞாயிற்றுக்கிழமை காலை மில்காரர் வந்தார். அகலமான மனிதர், குரலும் அதற்கேற்ற அகலம். பொதுச் சொத்து என்பதால் கொழுந்தனும் வந்து கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து நின்றான். அண்ணன் நிற்கும் பக்கம் மட்டும் அவனுக்குக் கழுத்து திரும்பவில்லை. மில்காரர் கேட்டபடி விதைப்பெட்டியை வண்டியின் பின்னால் மாட்டியிருந்தார்கள்.

அவர் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி, கைக்கு முதலில் அகப்பட்ட கறுப்பு லீவரைத் தூக்கினார். விதைப்பெட்டி விசுக்கென்று உச்சிக்குப் போனது. கொஞ்சம் இறக்கினார். நடுவில் நிற்காமல் தொப்பென்று தரையில் விழுந்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. மண்ணின் இறுக்கத்தைப் பார்த்து வேலை செய்கிற லீவருக்கு, மண்ணே இல்லாத இடத்தில் மேலும் கீழும் தவிர வேறென்ன தெரியும்? அண்ணிக்கு அது புரிந்தது. கணவருக்கும் புரிந்தது. மற்ற இருவருக்கும் புரியவில்லை.

“லிஃப்ட் போச்சுன்னு தெருவே பேசுச்சு, சரியாத்தான் இருக்கு” என்றார் மில்காரர். “ம்ஹும். நல்லா இருந்தா ஓட்டலாம்னு வந்தேன். இதுக்கு நான் வேணாம், பழைய இரும்புக்காரன் போதும்.” பிறகு கம்பத்தின் பக்கம் திரும்பினார். “என்னப்பா வழுக்கை, உன் கைவரிசைதானா?”

கொழுந்தன் தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. ஒன்பது வயதில் கணக்கில் குறைந்த மதிப்பெண்ணைக் காட்ட வந்து நின்றபோதும் அந்தக் காது அப்படித்தான் சிவந்தது.

மில்காரர் இறங்கிப் போகப் போகிறார். கணவர் வாயை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் போதும், வண்டி இங்கேயே இருக்கும், சாவி ஆணியில் தொங்கும். ஆனால் தம்பி வழுக்கையாகவே இருப்பான். வாயைத் திறந்தால் தம்பியின் பெயர் மீளும், நல்ல வண்டி என்று தெரிந்து மில்காரர் கையோடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். எதை வேண்டிக்கொள்வது என்று அண்ணிக்கே தெரியவில்லை.

“மில்காரரே, எறங்காதீங்க” என்றார் கணவர்.

கொட்டகைக்குள் போய், படியில் ஏறி, கறுப்பு லீவரை அடியோடு கீழே படுக்கவைத்தார். பிறகு சிவப்பைக் காட்டி, “இதத் தூக்குங்க. எங்க வேணும்னாலும் நிறுத்துங்க” என்றார். மில்காரர் தூக்கினார். விதைப்பெட்டி எழுந்து, அவர் நிறுத்திய உயரத்தில் நின்றது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

“லிஃப்டும் நல்லா இருக்கு, அவன் கையும் நல்லா இருக்கு” என்றார் கணவர். “இந்தக் கறுப்ப எறக்கி வெச்சாத்தான் அவன் வெதைக்க முடியும். நான் எறக்கல. எனக்குத் தெரியல. தெரியாம இருந்தது மட்டுமில்ல, தகட்டுல போட்டிருந்த படத்துமேல நானே பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கேன். உங்க நெலத்துல வழுக்கை விழுந்தது என்னால. இனிமே அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடறதா இருந்தா என்னக் கூப்பிடுங்க. கடையிலயும் சொல்லிடுங்க. இல்ல, நானே வந்து சொல்றேன்.”

மில்காரர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். லீவரை ஆசையோடு இன்னொரு தரம் ஏற்றி இறக்கினார்.

“அப்போ வண்டி குத்துக்கல்லாட்டம் இருக்குன்னு சொல்லுங்க! பேச்சு பேச்சுதான். சாவி இனிமே என்னுது, இப்பவே ஓட்டிட்டுப் போறேன்.”

“விக்கல” என்றான் கொழுந்தன்.

பதினோரு மாதத்தில் அண்ணன் காதுபடத் தம்பி சொன்ன முதல் சொல் அது.

“என்னது? நீயும்தானேப்பா ஆள்விட்டுச் சரின்னே? பேச்சு மாறலாமா?”

“நான் சரின்னது கெட்டுப்போன வண்டிக்கு. இது நல்ல வண்டி. நல்ல வண்டிய யாராவது விப்பாங்களா?”

மில்காரருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அண்ணியைப் பார்த்தார். அண்ணி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவருக்கும் என்னவோ போலாகிவிட்டது. பெரிய உடம்பை மெதுவாக இறக்கிக்கொண்டு, “இந்த வருஷம் என் நெலத்துல நீதான் வெதைக்கணும்” என்று கொழுந்தனிடம் விரலை நீட்டினார். “ஒரு அடி விட்டுப் போச்சு, அப்புறம் உங்க ரெண்டு பேருக்குமே பேர் வெப்பேன்.” புலம்பிக்கொண்டே தெருப்பக்கம் போனார்.

அண்ணனும் தம்பியும் டிராக்டருக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். கொழுந்தன் படியில் ஏறி, சாக்பீஸ் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

“கறுப்ப எவ்வளவு எறக்கணும்?” கேள்வி தகட்டைப் பார்த்துத்தான் வந்தது.

“அடியோட.”

“சிவப்பு?”

“அது உன்னுது. எனக்கு என்ன தெரியும்?”

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து மற்றதும் வந்துவிட்டது. கையால் முகத்தை மூடிக்கொண்டு, “கம்பி கட்டினது நான்தாண்ணா. நகந்து போகுதோன்னு நெனச்சேன். உன் கலப்பையைப் பிடிச்சு வெச்சிருந்தது அதுதான்” என்றான்.

“அறுத்துட்டேன், விடு” என்றார் அவர். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறி, கடைசியில் அவன் தோள்மேல் வைத்தார்.

அண்ணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “போதும், ரெண்டு பேரும் அழுது வண்டியத் துருப்பிடிக்க வெச்சுடாதீங்க. டேய், போய் உன் பக்கத்துக் கதவத் தாழ் தெற. நான் குழந்தையப் பாக்கணும்.”

கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். ஒன்றும் புரியாத பார்வை.

“எங்க பக்கம் தாழ் போடவே இல்லையே, அண்ணி.”

“படார்னு சாத்தித் தாழ் போட்டியே அன்னைக்கு? என் காதால கேட்டேனே!”

“சாத்தினது நான்தான். தாழ் போட்டது அண்ணன். உங்க பக்கத்துத் தாழ். நாங்க தெனமும் தள்ளிப் பாத்தோம். குழந்தை பொறந்த அன்னைக்கும் தள்ளிப் பாத்தேன்.”

அண்ணி கணவரைப் பார்த்தாள். அவர் மறுபடி லீவர்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவரை ஏன் பார்ப்பது? அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவைத் தாண்டித்தானே அவளும் நடந்தாள். தன் பக்கத்துத் தாழ் விழுந்திருப்பதைத் தினமும் பார்த்தாள். அந்தப் பக்கமும் ஒன்று விழுந்திருக்கும், இதைத் திறந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாள். லீவரைத் தொடாத ஆம்பிளைகள் இரண்டு பேரையும் மனசுக்குள் என்னமாய்த் திட்டினாள்! அவள் செய்ததும் அதேதான்.

உள்ளே போனாள். தாழ்ப்பாள் இறுகிப் போயிருந்தது. சாக்பீஸ் தூள் படிந்த கையால் இரண்டு தரம் ஆட்டி இழுத்ததும் வந்துவிட்டது. கதவைத் திறந்தாள். அந்தப் பக்கம் கொழுந்தனின் மனைவி, சத்தம் கேட்டு ஓடி வந்தவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை அண்ணியை மேலும் கீழும் பார்த்தது. அழலாமா வேண்டாமா என்று யோசித்தது. பிறகு அவள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது.

அண்ணி பெட்டியைத் திறந்து ஏழு கவுனையும் வெளியே எடுத்தாள். ஆறு கவுன்கள் தலைவழியாகக்கூட இறங்கவில்லை. ஏழாவது இறங்கியது, அக்குளில் மட்டும் பிடித்தது. குழந்தை டேப்பின் ஒரு நுனியை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தது. அண்ணி மறுநுனியை மெதுவாக அதன் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து, எட்டாவது கவுனுக்கு அளவெடுத்தாள்.